நாலாம் நிமிஷத்து நிழல்

லோகன், பிரிஸ்பேன்
4 மார்ச் 2024

கெலேசிக்கு,

போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். சரி. எனக்குக் கை இருக்கிறது, பேனா இருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதை உன் தங்கை என் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிரித்தது 1994 டிசம்பர், உன் கல்யாணத்துக்கு மறுநாள் காலை, முற்றத்தில் பன்றி அறுத்துக்கொண்டிருந்தபோது. நான் மறக்கவில்லை. நம் சபை அகேசியூ இந்த வாரம் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் வந்து நிற்கும் ஆளை எப்படி அடைக்கிறாய் என்று பார்க்கிறேன்.

நான் என்ன பெரிய தப்பு செய்துவிட்டேன்? நீ போட்ட சமையல் வீடியோவுக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி தட்டினாள். இது லூவா சேறா, என் தம்பி வீட்டில் ஒரு விளக்கு வாங்கக்கூட வழியில்லாமல் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லாததையா கேட்டேன்? சேப்ப இலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்து மடித்துக் கட்டினால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நீ அதைப் பிரித்துக் காட்டியபோது கறுப்பாக ஒரு உருண்டை தெரிந்தது. உன் முகம் பாதி பச்சை, பாதி மஞ்சள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி.

நேற்று ஆராதனை முடிந்து தேநீர்க் கூடத்தில் அதைப் பெரிய டிவியில் போட்டார்கள். பின் வரிசையில் ஒருத்தி, "மெலெனைதே அக்கா, உங்க தம்பி பொண்டாட்டி சுரங்கத்துக்குள்ள உக்காந்து சமைக்கிறாளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததற்காக வீட்டுக்கு வந்து என்மேலேயே எனக்குக் கோபம்.

சாமியூ செத்து ஏழு மாதம்தான் ஆகிறது. அந்தச் சமையலறை என் தம்பி தன் கையால் பலகை அடித்துக் கட்டியது. அதைக் குகை மாதிரி உலகத்துக்கே காட்டுகிறாய். தம்பி வீட்டில் அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அது நான் கொண்டுவந்த வழக்கம் இல்லை, டோங்காவில் என் பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் சொல்கிறேன்: ஒன்று வெளிச்சம் வை, இல்லையென்றால் வீடியோவை நிறுத்து. அதைப் பார்த்துத்தான் இங்கே இருக்கிறவர்கள் ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கு உன்னிடம் சாப்பாடு சொல்லிவிடுகிறார்கள், உன் அடுப்பு அதில்தான் எரிகிறது என்று எனக்கும் தெரியும். சேற்றை எவன் சொல்லிவிடுவான்?

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. என் பிள்ளை லிசியாதே பெர்த்தில் சுரங்க வேலையில் நன்றாக இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் தாய்மாமன் சாவுக்கு வரவில்லை. கேட்கிறவர்களுக்கு அப்படியே சொல்.

சாமியூவின் அக்கா
மெலெனைதே


கொலோவாய்
டோங்கா, 19 மார்ச் 2024

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் படித்து முடிக்கும்வரை அகேசியூ வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

எண்ணை அடைத்தது நான்தான். நீங்கள் சேறு என்று எழுதிய அன்று, பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த சாப்பாட்டை ஆக்லாந்துக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சொந்த நாத்தனாரே இப்படி எழுதியிருக்கிறாரே என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கு ஆண்பிள்ளை இல்லை. உங்கள் தம்பி விட்டுப்போனது இந்த நிலமும் வீடும் கொல்லையில் ஒரு உமுக் குழியும்தான். கல்லைக் காயவைத்து அந்தக் குழியில் வேகவைப்பதைப் படம் பிடித்துக் காட்டினால்தான் எனக்குச் சாப்பாடு. அந்த வாயில் நீங்கள் மண்ணைப் போட்டீர்கள்.

ஆனால் இருட்டு என்று சொன்னது நிஜம். ஒப்புக்கொள்கிறேன். இப்போது வெளிச்சம் வந்துவிட்டது, விளக்குக் கடைப்பக்கம் போகாமலே. எப்படி என்று எழுதுகிறேன். தேநீர்க் கூடத்தில் சிரித்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் உத்தரத்து டியூப்லைட்டை அணைத்தேன். திருடன் அதுதான். தேங்காய்ப்பாலைப் பச்சையாகக் காட்டியது அது. கூடத்து மஞ்சள் பல்பு கதவு வழியாக வந்து மறுபக்கத்தைக் கெடுத்தது. ஒரே முகத்தில் இரண்டு வியாதி. இப்போது படம் பிடிக்கும்போது இரண்டும் கிடையாது. மேஜையை இழுத்துக் கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போட்டேன், ஜன்னல் என் இடது கைப்பக்கம் இருக்கும்படி. ஜன்னலில் ஒரு பழைய வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டேன். முன்பு வெயில் நேராக விழுந்து கத்தி மட்டும் மின்னும், மற்றதெல்லாம் மங்கும். போர்வை வழியாக வரும் வெளிச்சம் பால் மாதிரி எல்லாவற்றிலும் சமமாகப் படிகிறது. வலதுபக்கம் இருட்டாகவே இருந்தது. அங்கே மீன்பெட்டியின் தெர்மோகோல் மூடியை நிமிர்த்தி வைத்தேன். ஜன்னலிலிருந்து வருவதை அது திருப்பி அனுப்புகிறது. கரண்டே வேண்டாம். ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குமேல் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை கண்ணைக் குத்தும்.

மழை நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. அடியில் ஓட்டை போட்டு அதில் வெள்ளை எல்.இ.டி. பல்பு, வாயில் கேக் சுடும்போது அடியில் விரிக்கிற தாள் இழுத்துக் கட்டியிருக்கிறது. தூண்டில் நரம்பில் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. நேர் மேலே தொங்கவிட்டால் கண் குழியாகத் தெரியும், செத்தவள் சமைக்கிற மாதிரி. தலைக்குக் கொஞ்சம் மேலே, முன்பக்கமாக ஓரம் தள்ளி இருக்க வேண்டும். இலையைப் பிரிக்கும்போது ஆவி தெரிய வேண்டும் என்றால் பாத்திரத்துக்குப் பின்னால் தாழ்வாக இன்னொரு பல்பு. முன்பக்க வெளிச்சத்தில் ஆவி கண்ணுக்கே படாது. பின்னாலிருந்து அடித்தால்தான் புகை மாதிரி எழுந்து நிற்கும். இரண்டு பல்பும் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

கறுப்பு உடையை நான் அவிழ்க்கவில்லை. ஆனால் அவ்வளவு கறுப்பைப் பார்த்தால் போன் குழம்பிப்போய் எல்லாவற்றையும் வெளுக்க வைக்கிறது. அதனால் மாவுச்சாக்கு வெள்ளைத்துணி ஒன்றை முன்னால் கட்டிக்கொள்கிறேன். துக்கம் முடிந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் துணிக்கு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

லிசியாதே பெர்த்தில் நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

கெலேசி


லோகன்
8 ஏப்ரல் 2024

கெலேசி,

வெளிச்சம் நன்றாக இருக்கிறது. இலை பச்சையாக இருக்கிறது, பால் வெள்ளையாக இருக்கிறது, ஆவி நீ சொன்ன மாதிரியே எழுந்தது. சொல்லிவிட்டேன். இதற்குமேல் என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை உனக்கு வராது.

ஈஸ்டருக்கு நீ போட்ட வீடியோவை நேற்று கூடத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது நிமிஷம். நீ இரண்டாவது இலையைப் பிரிக்கிறாய். காற்று வந்து பின்னால் இருந்த பல்பு ஆடுகிறது. உடனே உனக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆள் நிழலாக எழுகிறான். குனிகிறான், பல்பைப் பிடித்து நிறுத்துகிறான், நகர்ந்துவிடுகிறான். உன் வாளி விளக்கு அவனை ஒட்டடையோடு சேர்த்துச் சுவரில் எழுதிக் காட்டிவிட்டது. உயரமானவன். முடியை உச்சியில் முடிந்திருக்கிறான். இடது தோள் தாழ்ந்திருக்கிறது, சுவர் ஏறிக் குதிக்கிற திருட்டுப் பயல் மாதிரி. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகின ஆளைத்தான் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. எப்போதும் வாய் ஓயாத கூட்டம், ஒருத்தரும் பேசவில்லை. அகேசியூ தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் எனக்குப் புரியாதா? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாமியூவின் பாயில் இன்னொருத்தன் படுத்திருப்பது எனக்குத்தான் தெரியவில்லை.

சட்டம் உனக்கும் தெரியும். புருஷன் செத்தால் நிலமும் வீடும் பெண்டாட்டிக்கு, அவள் தனியாக இருக்கும்வரை. வேறொரு ஆணைச் சேர்த்துக்கொண்டால் அன்றோடு முடிந்தது, அடுத்த ஆண் வாரிசுக்குப் போய்விடும். அடுத்த வாரிசு எங்கள் கடைசித் தம்பி பெனிசிமானி. ஆக்லாந்திலிருக்கும் அவனுக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். என் தம்பி வீட்டில் ஆண் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதி, அக்கா என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உன்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்பாய். 2003-இல் சாமியூவுக்குக் காலில் ஆபரேஷன் நடந்தபோது நீ என்னைக் கேட்டுவிட்டா கையெழுத்துப் போட்டாய்? செய்தி எனக்கு மூன்று நாள் கழித்து வந்தது. அன்றும் இன்று மாதிரி ஒரு திங்கட்கிழமை.

இப்போது கேட்கிறேன். யார் அவன்?

மெலெனைதே


கொலோவாய்
29 ஏப்ரல் 2024

மெலெனைதே அண்ணிக்கு,

வியாழக்கிழமை காலை பெனிசிமானி வைத்த வக்கீலின் குமாஸ்தா வந்தான். நான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் தேங்காய்ப்பால். அப்படியே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கூடவே உங்கள் கடிதத்தின் நகல். கோணல் எழுத்து. முப்பது வருஷமாக நீங்கள் வரும்போதெல்லாம் நல்ல பாயாக எடுத்து விரித்து உங்களை உட்காரவைத்துவிட்டு, நான் வாசற்படிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தக் கையெழுத்து எனக்குச் செய்த பதில் மரியாதை இது.

பெனிசிமானிக்குப் போன் செய்தேன். ஆள் யார் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும், "யாரா இருந்தா என்ன அண்ணி, ஆம்பளதானே. அக்காவே எழுதிக் கொடுத்துட்டாங்க" என்கிறான். பல் இளிப்பது போனிலேயே கேட்டது.

நான் அந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், யாரிடமும் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று. உங்களுக்கு முக்கியமாகச் சொல்லக்கூடாது என்று. உங்கள் காகிதம் அந்த வாக்கையும் உடைத்துவிட்டது.

அது உங்கள் மகன்.

லிசியாதே பெர்த்தில் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். மதுக்கடை வாசலில் நடந்த அடிதடிக்கு ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும், இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று ஆஸ்திரேலியா அவனை விமானத்தில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டது. அதற்கு முன்னால் உங்களுக்குப் போன் செய்தான். எனக்கு மகன் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவன் எங்கே தூங்குகிறான், என்ன தின்கிறான் என்று நீங்கள் ஒரு ஆளிடமும் கேட்கவில்லை.

அக்டோபரில் வந்து என் வேலிக்கு வெளியே நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் கனத்த தோல் சப்பாத்து. நம் பாஷை பாதிதான் வாயில் வருகிறது. நீங்கள் வழக்கம் பேசினீர்கள், நானும் பேசுகிறேன். தாய்மாமன் வீட்டில் அக்காள் மகன் ஃபாஹு. கேட்காமலே எதையும் எடுக்கலாம், நல்ல பன்றியையும், நான் படுத்திருக்கும் பாயையும்கூட. நான் மறுக்க முடியாது. அந்த உரிமை உங்கள் வயிற்றில் பிறந்ததால் அவனுக்கு வந்தது. அவ்வளவு உரிமையையும் வைத்துக்கொண்டு அவன் கேட்டது என்ன தெரியுமா? "பின்னாடி கொட்டகையில படுத்துக்கலாமா மாமி?"

வாளியில் ஓட்டை போட்டவன் அவன். ஜன்னலில் போர்வை கட்டியவன் அவன். பிரிஸ்பேனில் கல்யாண மண்டபங்களுக்கு விளக்குக் கட்டுகிற வேலை பார்த்தானே, வெட்டி வேலை என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்களே, அந்த வேலைதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

சுவர் ஏறிக் குதிக்கிற திருட்டுப் பயல் என்று எழுதினீர்கள். அந்தத் தோள் பதினாலு வயதில் ரக்பி ஆடும்போது உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். எந்தச் சாவுக்கு யார் எத்தனை பாய் கொண்டுவந்தார்கள் என்று முப்பது வருஷக் கணக்கு சொல்கிற கண்ணுக்குப் பெற்ற பிள்ளையின் தோள் தெரியவில்லை.

கூடத்தில் எல்லாரும் வாயடைத்துப்போனது எதனால் என்று இப்போதாவது புரிகிறதா? உங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். அகேசியூ இங்கே வந்தபோது அவன் கையால் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். நீங்கள் பெர்த் என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் கெஞ்ச மாட்டேன். உங்கள் எழுத்தை வெல்லக்கூடிய வாய் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான், அதுவும் உங்களுடையது. திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம். மே 25-ஆம் தேதி நாள் முடிகிறது.

கெலேசி


லோகன்
9 மே 2024

கெலேசி,

பொய்.

வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள என் பிள்ளையை இழுக்கிறாய். லிசியாதே பெர்த்தில் இருக்கிறான். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். என் பேத்தி பொறுக்கி எடுத்து டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு அறை கொடுத்தேன்.

அப்படியே அவன் வந்து நின்றிருந்தாலும் முதலில் எனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவனிடம் வாக்குக் கொடுக்க நீ யார்?

அவன் இளைத்திருக்கிறானா? பதில் எழுதாதே.

மெ.


லோகன்
27 மே 2024

கெலேசிக்கு,

இதோடு இரண்டு காகிதம் இருக்கிறது. முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வை. பெனிசிமானிக்கு நான் எழுதியது தப்பு, அந்த ஆள் என் மகன், தன் தாய்மாமன் வீட்டில் ஃபாஹுவாக இருக்கிறான் என்று எழுதி, இங்கே சத்தியம் வாங்குகிற அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 23-ஆம் தேதியே படம் எடுத்து வக்கீலுக்குப் பேத்தி அனுப்பிவிட்டாள். நாள் தாண்டவில்லை.

அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தேன். சத்தத்தை அணைத்துவிட்டு, நாலாவது நிமிஷத்தை மட்டும். எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன். பிறகு அகேசியூ வீட்டுக்குப் போனேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அக்டோபரிலிருந்து என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை எழுதுகிறேன், நீயும் படி: "நீங்க பெர்த்னு சொல்லும்போது உங்க முகம் நல்லா இருந்துச்சு அக்கா." அவளை என்ன செய்வது? அறையவும் முடியவில்லை.

பெனிசிமானியைக் கூப்பிட்டு நான் எழுதியதை நானே திரும்ப வாங்குகிறேன் என்றேன். வக்கீலிடம் போய்விட்டது அக்கா, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று இழுத்தான். "நான் என்ன வக்கீலுக்கா அக்கா? உனக்கு அக்கா. நீ செத்தா உன் தலைமாட்டுல வந்து உக்கார வேண்டியவ நான்தான். நான் வரலன்னா உன்ன எப்படிப் புதைக்கிறாங்கன்னு பாக்கறேன்" என்றேன். சரி அக்கா என்றான். அந்தப் பயல் சிறுவயதில் என் பங்கு ஈரப்பலாவைத் திருடித் தின்றவன், எனக்குத் தெரியாதா அவனை.

நேற்று சபையில் அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்றேன். என் மகன் பெர்த்தில் இல்லை, ஜெயிலில் இருந்தான், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், வீடியோவில் தெரிந்தது அவன்தான், என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் சொன்னது பழி என்று சொன்னேன். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பின்னால் ஒரு கிழவன் ஆமென் என்றான். அவனை எழுந்து போய் அடிக்கலாம் போல இருந்தது.

இனி எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

லிசியாதேயை இங்கே கூட்டிக்கொண்டு வந்தபோது அவனுக்கு நாலு வயது. பிறகு எனக்கும் அவனுக்கும் குடியுரிமைப் படிவம் வந்தது. தடிமனான படிவம், எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. போதகரின் பெண்டாட்டியிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் நிரப்பித் தருவாள். ஆனால் எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். பல வருஷம் அங்கேயே இருந்தது. அப்புறம் ஃப்ரிட்ஜை மாற்றினோம், அதோடு போய்விட்டது. அதை நிரப்பியிருந்தால் அவன் தண்டனையை முடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருப்பான். அவனை விமானத்தில் ஏற்றியது ஜெயில்காரன் இல்லை.

அவன் போன் செய்தபோது மகன் இல்லை என்று நான் முந்திக்கொண்டு சொன்னது அதனால்தான். படிவத்தைப் பற்றிக் கேட்டுவிடுவானோ என்று பயம். அவன் கேட்கவே இல்லை. அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. என் பிள்ளை எங்கே என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்த எட்டு மாதமும் நீ அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய், அவன் இருமினால் உனக்குக் கேட்டது. நிலத்தை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த எட்டு மாதத்தை எனக்கு யார் கொடுப்பது?

நம் பாஷையில் அவனுக்குப் படிக்க வராது. இதை அவனுக்கு வாசித்துக் காட்டு. படிவம் பற்றிய இடத்தை விட்டுவிடாதே.

மெலெனைதே


கொலோவாய்
15 ஜூன் 2024

அண்ணிக்கு,

வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டதாக வக்கீலிடமிருந்து தாள் வந்துவிட்டது. வீடு என் பெயரிலேயே இருக்கிறது. இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்கிறார்கள். எடுத்ததைத் திருப்பி வைத்தவருக்கு எந்த ஊரில் நன்றி சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்தேன். காலை பத்து மணி, பச்சையாகத் தேங்காய்ப்பாலில் போடுகிற ஓட்டாவுக்கு மீன் நறுக்கி வைத்து, படம் பிடிக்க எல்லாம் தயார். அவன் தெர்மோகோல் மூடியைக் கையில் பிடித்தபடி கேட்டான். சபையில் நீங்கள் எழுந்து நின்றதைக் கேட்டுத் தரையைப் பார்த்தான். கிழவனை அடிக்கலாம் போல இருந்தது என்ற இடத்தில் சிரித்தான். படிவம் வந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் மத்தியானம் வரை விறகு வெட்டினான். ஒரு மாதத்துக்குத் தேவையான விறகு. மீன் வீணாகிவிட்டது, அன்று படமும் இல்லை.

மறுநாள் நான் மரவள்ளி தோல் சீவிக்கொண்டிருந்தபோது தானாகவே பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஃப்ரிட்ஜ்ல இருந்த பேப்பர் எனக்குத் தெரியும் மாமி. பால் எடுக்கும்போதெல்லாம் படிப்பேன். பத்து வயசுல எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், நானே நிரப்பியிருப்பேன். அம்மா கையெழுத்து மட்டும் போட்டா போதும். ஆனா அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். அதனால ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னான். சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று கொட்டகை வாசலிலிருந்து திரும்பிச் சொன்னான், சரி என்றேன். முதல் தடவை அவனுக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் உடைக்க வைத்தீர்கள். இந்த வாக்கை நானே உடைக்கிறேன். நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இளைத்துத்தான் இருக்கிறான். வருகிறீர்களா என்று அவன் கேட்கவில்லை, நானும் அவன் சார்பில் கேட்க மாட்டேன். வருவதென்றால் வாருங்கள். என்மேல் இருக்கும் கோபத்தையும் கொண்டுவாருங்கள், உங்கள்மேல் எனக்கும் குறைவில்லாமல் இருக்கிறது, அதைக் கொல்லையில் வைத்துத் தீர்த்துக்கொள்வோம். அவனையும் திட்டுங்கள், தாங்குவான். ஆனால் அவன் முன்னால் உட்கார்ந்து அழக்கூடாது. நீங்கள் அழுதால் ஒன்றுமில்லை அம்மா என்று அவன்தான் வந்து தேற்றுவான். பத்து வயதிலிருந்து அந்த ஒரு வேலையைத்தான் அவன் பார்த்திருக்கிறான். போதும்.

கெலேசி